பூட்டிய வீட்டின் உக்கிராணக்காரர்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மலாயாவில், பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் பேசில் என்பவர் பிரசங்கம் பண்ணினால் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சபைப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்து ஒருவரும் தும்மக்கூட இல்லை. அதனால் 1931இல் நடந்ததை எழுதி அவரைக் கிழிக்க உட்கார்ந்தேன்.

‘பேசில் நல்ல மனிதர்தான், ஆனாலும்...’ வேண்டாம்.

‘ரப்பர் விலை விழுந்த அந்த வருஷம் மலாயா முழுவதும்...’ இது பத்திரிகைச் செய்தி.

நேராகவே சொல்கிறேன். பேசில் ஓய்வுபெற்ற ரப்பர் தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதுகிறவர். ஆறு வீடுகள் வைத்திருந்தார். வீடுகளுக்குச் சொந்தக்காரர் என்றால் கோபம் வரும். “எல்லாம் ஆண்டவருடையது. நான் வெறும் உக்கிராணக்காரன், பார்த்துக்கொள்கிறவன்” என்பார். வாடகையை மட்டும் ஆண்டவருக்குச் சிரமம் கொடுக்காமல் அவரே வாங்கிக்கொண்டார்.

2

டொரத்தி, ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த கிரிகரியின் மனைவி. (அவளை அழகியாக எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். குரல் போதும்.) அவள் பாட ஆரம்பித்தால் பின்வரிசையில் தூங்குகிறவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். “இது ஆவியின் வரம். சபைக்குச் சொந்தம்” என்று பேசில் அறிவித்திருந்தார்.

கிரிகரிக்கு வேலை போனது. குவார்ட்டர்ஸை ஒரே வாரத்தில் காலி பண்ணச் சொன்னார்கள். ஊருக்குக் கப்பல் ஆறு வாரம் கழித்துத்தான். சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல். பேசிலின் வீடு ஒன்று பூட்டிக் கிடந்ததால் டொரத்தி அவரிடம் போனாள்.

“ஐயா, கப்பல் வர்ற வரைக்கும் அந்த வீட்டுல இருந்துக்கறோம்.”

“என் வீடா இருந்தா இப்பவே சாவி குடுத்துருவேன்மா. ஆண்டவர் சொத்தாச்சே! நான் எப்படித் தூக்கிக் குடுக்கறது? ஜெபம் பண்றேன். ஞாயித்துக்கிழமை அறுப்பின் பண்டிகை, மறந்துராத. நீதான் பாடணும்.”

3

ஞாயிறன்று ஆர்மோனியம் மூன்று தடவை ஆரம்பித்தது. டொரத்தி எழுந்து நின்றாள். வாய் திறக்கவில்லை.

“பாடும்மா” என்றார் பேசில்.

“குரலு ஆண்டவருடையதுங்க ஐயா. நான் எப்படித் தூக்கிக் குடுக்கறது?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கிரிகரி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். அவள் பின்னால் போனாள்.

4

கைவிட்ட முடிவுகள்: பேசில் அழுதுகொண்டே ஓடிப்போய்ச் சாவியைக் கொடுக்கிறார். (நீங்களே நம்பமாட்டீர்கள்.) பூட்டிய வீட்டில் இடி விழுகிறது. (ஆசைதான்.)

நடந்தது வேறு. அதே தெருவில் மாடு வைத்துப் பால் விற்ற இராஜம்மா, “கறவைய அந்தப் பக்கம் கட்டிட்டாப் போச்சு, வா” என்று தன் மாட்டுக்கொட்டகைக்குக் கூட்டிப்போனாள்.*

பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது. ஆறாவது வாரம் போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் கப்பல் ஏறினார்கள். பேசில் வேறொரு பாடகியைப் பிடித்தார், எண்பது வயதுவரை இருந்தார், கடைசிவரை பிரசங்கம் பண்ணினார்.

5

ஒன்றை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் போகும் முன் டொரத்தி என் வீட்டுக்கும் வந்தாள். என் பின்னறை காலியாக இருந்தது. பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் வா என்றேன்.

முதலிலேயே வைத்தால் பேசிலை ஏச முடியாது. கடைசியில் வைத்தால் பாவமன்னிப்பு கேட்பது மாதிரி இருக்கிறது. நீங்களே எங்காவது செருகிக்கொள்ளுங்கள். எனக்கு அவரை இன்னும் ஏசி முடியவில்லை.

———

*மாட்டுக்கொட்டகை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று தெரியும். அந்தச் சொல்லை மூன்று தடவை அடித்துப் பார்த்தேன். அவள் வைத்திருந்தது மாடு. நான் என்ன செய்ய? நல்லவேளை, டொரத்தி கர்ப்பிணி இல்லை.