ஒரே சிலேட்டு

அம்மாவின் பெட்டி காலையிலேயே கூடத்துக்கு வந்துவிட்டது. சோபாவுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில், போகிறவர் வருகிறவர் எல்லோரும் தடுக்கிக்கொள்ள வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்தது போல நின்றது. சாயங்காலம் அத்தான் காரோடு வருவார். அம்மா அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். எத்தனை நாளைக்கு என்று சின்னவள் கேட்டதற்கு, "நாள் கணக்கெல்லாம் எதுக்கு? இனிமே அங்கதான்," என்று பதில் வந்தது. கேட்டது சின்னவள் என்றாலும், பதில் பக்கத்து அறையில் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு. அவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார். சத்தமாகத் திருப்பினார்.

சண்டையின் காரணத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு அப்பாவால் சும்மா உட்கார முடியவில்லை. போன மாதம் அம்மா அக்கா வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் சமையலறைக்குள் புகுந்து, அலமாரியில் இருந்த ஒவ்வொரு டப்பாவிலும் அச்சடித்த லேபிள் ஒட்டி, அகர வரிசையில் அடுக்கிவிட்டார். அம்மா டப்பாக்களைப் பெயர் சொல்லிப் பழகியவள் இல்லை. தூக்கினால் தெரியும் கனம், ஆட்டினால் வரும் சத்தம், மூடி இறுகிக்கொள்ளும் விதம், இவைதான் அவளுக்கு அடையாளம். திரும்பி வந்தவள், வேறு யாருடைய வீட்டிலோ நுழைந்துவிட்டவள் போல அலமாரி முன்னால் நின்றாள். அதையாவது பொறுத்திருப்பாள். 'சர்க்கரை' என்று அப்பா ஒட்டிய டப்பாவில் இருந்தது உப்பு. லேபிளை நம்பிப் போட்ட தேநீரை, வீட்டுக்கு வந்திருந்த அக்காவின் மாமியார் ஒரு வாய் வைத்துக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் மனம் வராமல், மிகுந்த மரியாதையோடு எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படிச்ச மனுஷன், நாக்குல ஒரு துளி வச்சுப் பாத்திருக்கலாம்," என்றாள் அம்மா, விருந்தாளிகள் முன்னாலேயே.

"இத்தனை வருஷமா பேர் எழுதாம வச்சிருந்தது யாரு?" என்றார் அப்பா.

அதோடு பேச்சு நின்றது. நின்றது நேர்ப்பேச்சுதான். சின்னவள் வழியாகப் பேச்சு முன்னைவிடத் தாராளமாக நடந்தது. "உங்கப்பாகிட்ட சொல்லு," "உங்கம்மாகிட்ட கேளு" என்று இரண்டு பக்கமிருந்தும் வந்ததை எல்லாம் அவள் வாங்கி, முள்ளை எடுத்துவிட்டு, தட்டில் வைத்துக் கொடுப்பது போலக் கொடுத்தாள். முதலில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. போகப் போகத்தான் ஒன்றைக் கவனித்தாள். இருவரிடமும் அவள் போய்ச் சொல்வது ஏறக்குறைய ஒரே வாக்கியம்: "ஒண்ணும் இல்லையாம்." எது உள்ளே போனாலும் அதுதான் வெளியே வந்தது. இப்படியே போனால் ஒருநாள் தன் சொந்தச் சங்கதியைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அதுதான் வருமோ என்று அவளுக்கு லேசாகப் பயம் வந்தது. அவளுடைய சொந்தச் சங்கதியைத்தான் யாரும் கேட்டபாடில்லை.

சாப்பாட்டு மேசைதான் அவளுடைய அலுவலகம். மடிக்கணினியைத் திறந்தவுடன் போன் அடித்தது. கூட வேலை பார்ப்பவன். நல்லது கெட்டது எதுவானாலும் "தாயே" என்றுதான் ஆரம்பிப்பான்.

"தாயே, உன் புரோகிராம் புண்ணியத்துல கஸ்டமர் ஆபீஸே கதிகலங்கிப் போச்சு. அங்க இருக்கற எல்லா மெஷினும் தன்கிட்டயே பேசிக்குதாம். வரவேற்புல இருக்கறது காலைலேர்ந்து தனக்குத் தானே மெயில் அனுப்பிக்குதாம். இது வைரஸா, இல்ல தனிமைல புலம்புதான்னு அந்த மேனேஜர் கேக்கறார்."

அவள் எழுதியிருந்த புரோகிராமின் வேலை எளியது. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போகும்போது, யாரிடமிருந்து யாருக்கு என்று ஒரு வரி எழுத வேண்டும். கணினிகள் தங்கள் முகவரியை ஒன்றும் பூஜ்யமுமாகத்தான் வைத்துக்கொள்ளும். மனிதக் கண்ணுக்கு அது புரியாது. அதைப் புள்ளி வைத்த நான்கு எண்களாக மாற்றித் தர, காலம் காலமாக எல்லோரும் கூப்பிடும் ஆயத்த ஃபங்ஷன் ஒன்று, யாரோ முன்பே எழுதி வைத்த குட்டிப் புரோகிராம், இருக்கிறது. அவளும் அதைத்தான் கூப்பிட்டிருந்தாள். ஒரே வரியில் இரண்டு தடவை, அனுப்பியவருக்கு ஒன்று, பெற்றவருக்கு ஒன்று.

"நானும் ஓட்டிப் பாத்துட்டேன்," என்றாள். "ரெண்டு பக்கமும் வாங்கறவங்க முகவரிதான் வருது."

"அதுதான் வேடிக்கை. என் மெஷின்ல ரெண்டு பக்கமும் அனுப்பறவங்க வராங்க. ஒரே புரோகிராம், உன் வீட்ல ஒண்ணு சொல்லுது, என் வீட்ல ஒண்ணு சொல்லுது."

"எங்க வீட்ல எல்லாமே அப்படித்தான்."

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடு தாயே. எந்த மெஷின்ல போட்டாலும் ஒரே மாதிரி ஓடணும்."

மத்தியானம் வரை அவள் தப்பான இடத்திலேயே தோண்டிக்கொண்டிருந்தாள். சில கணினிகள் எண்ணைத் தலையிலிருந்து எழுதும், சில வாலிலிருந்து எழுதும். அதில்தான் கோளாறு என்று பிடிவாதமாக நம்பினாள். மறுபடி போன் வந்து, அவள் அதைக் காதில் இடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அப்பா பக்கத்தில் வந்து நின்றார். கையில் சர்க்கரை டப்பா. லேபிளின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல், டப்பாவிடம் சொல்வது போலச் சொன்னார்:

"அவகிட்ட சொல்லு. லேபிளையெல்லாம் நானே உரிச்சுடறேன். ஆனா எது எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல. அவதான் இருந்து சொல்லணும்."

ஒரு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த மிக நீளமான பேச்சு அது. எத்தனை நாள் அறைக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாரோ. சின்னவள் தலையை ஆட்டினாள். தலைதான் ஆடியது. காது போனில் இருந்தது. மனது எண்களின் வாலில் இருந்தது. அப்பா போய்விட்டார். அறையில் செய்தித்தாளை எடுத்தார், ஆனால் பக்கம் திரும்பும் சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

போனை வைத்தாளோ இல்லையோ, படுக்கையறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். மடித்த புடவையை மறுபடி பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லு, பிரஷர் மாத்திரை ரெண்டாவது இழுப்பறையில இருக்கு. நீல அட்டை. காலைல ஒண்ணு. மறந்துட்டு மயக்கம் போட்டு விழுந்தா நான் ஒண்ணும் ஓடி வர மாட்டேன்."

"சரிம்மா."

அம்மா புடவையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "உன்கிட்ட வந்து என்னமோ முணுமுணுத்துட்டிருந்தாரே, என்னவாம்?" என்று கேட்டாள்.

சின்னவள் வழக்கம் போல வாயைத் திறந்தாள்.

"மாத்திரை ரெண்டாவது இழுப்பறையில இருக்காம். நீல அட்டையாம். மறந்துட்டு விழுந்தா ஓடி வர மாட்டாராம்."

அம்மா மடிப்பதை நிறுத்தினாள்.

"ஏண்டி, இது இப்ப நான் சொன்னதுடீ."

"அப்படியா?"

"எனக்கு நானே சொல்லி அனுப்பிக்கணுமா? அதுக்கு நடுவுல நீ எதுக்கு?"

சின்னவள் அசையாமல் நின்றாள். அம்மாவிடமிருந்து அம்மாவுக்கு. அனுப்பியவரும் அவளே, பெற்றவரும் அவளே. "அய்யோ," என்றாள். பிறகு, "அம்மா, நீ தெய்வம்மா!" என்று கத்திவிட்டு, கூடத்தில் பெட்டியைத் தடுக்கி, ஒற்றைக்காலில் நொண்டியபடி மேசைக்கு ஓடினாள். "இதுக்கு மூளை கலங்கிடுச்சு," என்று அம்மா பின்னாலிருந்து சொன்னது கேட்டது.

விஷயம் அவ்வளவு சின்னது. அந்த ஆயத்த ஃபங்ஷனிடம் இருப்பது ஒரே ஒரு சிலேட்டு. முகவரி கேட்டால் அதில் எழுதிச் சிலேட்டையே கையில் கொடுத்துவிடும். இரண்டாவது முகவரி கேட்டால் அதே சிலேட்டைத் துடைத்து அதிலேயே எழுதும். இரண்டு கையிலும் இரண்டு சிலேட்டு இருப்பதாக நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். எதைக் கடைசியாக எழுதியதோ அதுதான் இரண்டு பக்கமும் நிற்கும். எதைக் கடைசியாக எழுதுவது என்பது மெஷினுக்கு மெஷின் அதனதன் இஷ்டம். அவளுடையதில் பெறுபவர், அவனுடையதில் அனுப்புபவர். இதற்கு மாற்றாக வந்த புதிய ஃபங்ஷன் கறாரானது: எழுத இடம் நீயே கொண்டு வா, எவ்வளவு பெரிய இடம் என்றும் சொல், எழுதித் தருகிறேன். பழைய மெஷின்கள் சிலவற்றில் அது கிடையாது என்பதால், எங்கேயும் ஓடும்படி அதே கறாரோடு சின்னதாகத் தானே ஒன்று எழுதினாள். ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனி இடம் கொடுத்தாள். ஓட்டினாள். வரி வரியாக, இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் வேறொருவர்.

போனில் அவன், "தாயே, என்னோடதுலயும் சரியா வருது! எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றான்.

"எங்கம்மா சொன்னாங்க."

"அவங்களுக்குக் கோடிங் தெரியுமா?"

அவள் சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். சந்தோஷம் வடிகிற வேகத்தில் அடியிலிருந்து இன்னொன்று தலைதூக்கியது. அம்மா சொன்னது மேலே எழுதப்பட்டது என்றால், கீழே அப்பா சொல்லியிருந்தது என்ன? லேபிள் என்று ஏதோ. அதற்கு மேல் எவ்வளவு முக்கியும் வரவில்லை. துடைத்த சிலேட்டில் தேடி என்ன கிடைக்கும்?

அப்பாவின் அறை வாசலில் போய் நின்றாள். அவர் அவளைப் பார்த்த பார்வை, மத்தியானத்திலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்த பார்வை.

"என்ன சொன்னா?"

"நான் சொல்லவே இல்லப்பா. மறந்துட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் செய்தித்தாளை நான்காக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். "சொல்லவே இல்லையா?" என்றார். இத்தனை நேரமும் அம்மாவின் மௌனத்தையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சரி, கேட்டுக்கோ," என்றார். "அவகிட்ட சொல்லு..."

"வேண்டாம்ப்பா. என்கிட்ட இருக்கறது ஒரே சிலேட்டு. கூடத்தைத் தாண்டறதுக்குள்ள அழிஞ்சுடும். நீங்களே கொண்டு போங்க."

"சிலேட்டா?"

"சும்மா போங்கப்பா. அத்தான் வந்துடுவார்."

சொல்லி முடிக்கும்போதே தெருவில் ஹார்ன் அடித்தது. அத்தான் எப்போதும் இரண்டு தடவை அடிப்பார். அப்பா எழுந்தார். நேராகப் படுக்கையறைக்குப் போவார் என்று பார்த்தால், சமையலறைக்குள் போனார். அங்கே டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. சின்னவள் மேசையில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பதாகப் பாவனை செய்தாள். திரையில் யாரோ யாருக்கோ ஏதோ அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

அப்பா ஒரு டப்பாவோடு வெளியே வந்தார். லேபிள் இருந்த இடத்தில் பசையின் சதுரம் மட்டும் பளபளத்தது. போகிற போக்கில் இன்னொரு கையால் அம்மாவின் பெட்டியைத் தூக்கினார். காருக்கா, உள்ளுக்கா என்று சின்னவளால் சொல்ல முடியவில்லை. வாசல் கதவுக்கும் படுக்கையறைக் கதவுக்கும் நடுவில், இரண்டு கையும் நிறைந்து, அவர் அப்படியே நின்றார். அம்மா அறையிலிருந்து வெளியே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள்.

"அதுல என்ன இருக்கு?"

அது சின்னவளைக் கேட்ட கேள்வி இல்லை. சின்னவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

வெளியே மறுபடி இரண்டு தடவை ஹார்ன் அடித்தது. அப்பா பெட்டியைக் கீழே வைக்காமலேயே டப்பாவை மெதுவாக ஆட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு காதுக்கு இன்னும் கிட்டே கொண்டு போய், கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு தடவை ஆட்டினார்.