குரோம்பேட்டைக்கு முன்னால் நின்ற வண்டி

ஜெயசீலிக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. வயிறு புடவைக்கு மேலே தெரியத் தொடங்கியாயிற்று. ஆனால் உள்ளே இருக்கிற பிள்ளை அசையக் காணோம்.

அவள் கணவன் தனசிங் மாலைக் கல்லூரியில் படிப்பவன். எதையும் புத்தகத்தில் பார்த்துத்தான் நம்புவான். நூலகத்திலிருந்து தாய்சேய் நலப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து திரும்பியதும் அந்த வாரத்துக்கு உரிய பக்கத்தை உரக்க வாசிப்பான். போன ஞாயிறு வாசித்தது: பிள்ளை இப்போது ஒரு சாணுக்கும் மேல் நீளம், புருவம் அரும்பியிருக்கும், சத்தம் காதில் விழத் தொடங்கும், அசைவைத் தாய் உணர்வாள்.

"உணர்றியா?" என்றான், புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"உணர்ந்தா சொல்ல மாட்டேனா?"

மாமியார் ரத்தினபாய் பழைய வேட்டிகளைத் துவைத்து மடித்து, பிள்ளைத் துணிக்குக் கிழிக்கக் காத்திருந்தாள். "முதல்ல அசையட்டும் அத்தை" என்று ஜெயசீலி தள்ளிப்போட்டாள். சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரம்மா அசைவைப் பற்றித்தான் முதலில் கேட்பார். இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து தாம்பரம் வண்டியில் பெண்கள் பெட்டியில் வந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கூட வேலை செய்யும் சாவித்ரி. அவளுக்கும் அதே மாதம்தான்; ஆனால் இரண்டாவது பிள்ளை.

"உதைக்கறதுடி, தையல் மெஷின் மாதிரி" என்று சாவித்ரி பெருமைப்பட்டுக்கொண்டாள். ஜெயசீலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பல்லாவரம் தாண்டியதும் வண்டி முனகிக்கொண்டே நின்றுவிட்டது. மின்விசிறியும் ஓய்ந்தது.

"கரண்டு பூட்ச்சா? பேஜாரா கீது!" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த அங்காளம்மாள். மார்க்கெட்டில் காய் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்புகிறவள்.

ஜெயசீலி கைப்பையிலிருந்து சின்னப் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள்.

"என்னடி அது?" என்றாள் சாவித்ரி.

"ஓம வாட்டர். வயித்துல ஒரே வாயு. அசையாம உக்காந்தா போதும், குமிழ் குமிழா ஓடுது. கேன்டீன் சுண்டலைக்கூட விட்டுட்டேன், போகலை."

"எத்தனை நாளா?"

"பத்துப் பதினஞ்சு நாள் இருக்கும்."

"வலிக்கறதா?"

"வலியெல்லாம் இல்லை. உள்ளே யாரோ விரலால லேசா சுண்டுற மாதிரி..." என்று தொடங்கிய ஜெயசீலி பாதியிலேயே நிறுத்தி, வயிற்றைக் குனிந்து பார்த்தாள்.

சாவித்ரி தலையில் அடித்துக்கொண்டாள். "அசடே! அது உன் பிள்ளைடி! பாவம், அது வந்து வந்து கூப்பிடறது, நீ மருந்து ஊத்திண்டு இருக்கே!"

"இன்னாது? புள்ளைய வாயுன்னு சொல்லிக்கினு இருந்துச்சா இந்தப் பொண்ணு?" அங்காளம்மாள் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. அடுத்த நொடி அவளே கையை உயர்த்தினாள். "ஏய், அல்லாரும் கம்முனு இருங்க. பொண்ணு தொட்டுப் பார்க்கட்டும்."

பெட்டி அடங்கியது. சக்கரச் சத்தம் இல்லை, விசிறிச் சத்தம் இல்லை. ஜெயசீலி வயிற்றில் கையை வைத்து மூச்சைப் பிடித்தாள். ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றும் இல்லை.

பிறகு, தொப்புளுக்குக் கீழே, இடப்பக்கம், ஒரு சுண்டு.

"வந்துது!" என்று கத்தியே விட்டாள்.

பெட்டி கைதட்டியது. அதே சமயம் விசிறிகள் சுழன்றன, "கரண்ட் வந்தாச்சு!" என்று அடுத்த பெட்டியும் கூவியது.

"ஐயோ, இன்னும் அஞ்சு நிமிஷம் நிக்கக் கூடாதா?" என்றாள் ஜெயசீலி.

"நல்லா கேட்ட போ! எங்களுக்கு வூடு வாசல் இல்லையா?" என்றாள் அங்காளம்மாள்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. இனி ஒன்றும் தெரியாது என்று நினைத்தவள், குரோம்பேட்டை வருவதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் குலுக்கலுக்கு நடுவிலும் இப்போது அவளால் பிரித்துச் சொல்ல முடிந்தது: இது வண்டி, இது பிள்ளை.