தள்ளுகிறவருக்குத் துடக்கில்லை

லண்டன் செவன் கிங்ஸ் ஊர்ச் சங்கத்துக்காரர் ஒரு வேலையை லேசாகச் செய்ததாகச் சரித்திரம் இல்லை. எஞ்சின் இல்லாத பெட்டி வண்டிகளைப் பூங்காச் சரிவில் உருட்டிவிடும் போட்டி ஒன்று வந்தது. நாலு சில்லும் ஒரு பிரேக்கும் இருந்தால் போதும் என்று கவுன்சில் அறிவித்திருந்தது. வெள்ளைக்காரர் குளியல் தொட்டிக்கும் பழைய சோபாவுக்கும் சில்லுப் பூட்டிக்கொண்டு வருவார்கள். நம்மவர்களோ கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டு, இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்துபோய், கடைசியில் தேர் கட்டுவதென்று தீர்மானித்தார்கள். ஒட்டுப்பலகையில் தேர், முகப்பில் பிள்ளையார் படம்.

ஓட்டுவதற்குக் கஜந்தினி கையை உயர்த்தியபோது சிரித்தார்கள். சிரிப்பதற்கு அதில் என்ன இருந்ததோ! அவள் பள்ளிக்கூட மினிபஸ் ஓட்டுகிறவள். சக்கர நாற்காலிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இல்ஃபோர்ட் நெரிசலுக்குள் தினமும் போய் வருகிறவளுக்கு ஒரு பலகைப் பெட்டி பெரிய காரியமா? ஒத்திகையில் ஆண்கள் ஒவ்வொருவராக வளைவில் தேரைப் புல்லுக்குள் இறக்கினார்கள். அவள் மட்டும் கொண்டுவந்து கோட்டில் நிறுத்தினாள். சங்கத் தலைவர் ஞானேஸ்வரனுக்கு வேறு வழியில்லாமல் போய்விட்டது.

“ஓம், நீதான் ஓட்டுறாய்” என்றான் அவள் புருசன் யுவனேஸ்வரன். பிரான்சிலிருந்து வந்து இங்கே தச்சு வேலை செய்கிறவன். தேரைக் கட்டியவனும் அவன்தான். அவள் நம்பினாள். கலியாணமான நாள் முதல் அவனுக்காக, பிள்ளைகளுக்காக, மாமிக்காக என்று எத்தனையோ கேட்டிருக்கிறாள். தனக்கென்று வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். சமைக்கும்போதுகூட வளைவை எப்படி எடுப்பதென்று யோசித்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளை மாதிரி ஆசை.

சங்கத்து ஆம்பிளைகளுக்கு அது பொறுக்கவில்லை. “என்ன அண்ணை, மனுசி தேரிலை இருந்து வர, நீங்கள் பின்னாலை நிண்டு தள்ளப் போறியளோ? வீட்டிலையும் இதே ஏற்பாடுதானோ?” என்று யுவனேஸ்வரனைப் பிடித்துக்கொண்டார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பைக் காணோம்.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் தேருக்குப் பூசை நடந்தது. ஐயர் சந்தனம் பூசி, சில்லுகளுக்கடியில் தேசிக்காய் வைத்தார். யுவனேஸ்வரன் தேங்காய் உடைத்தான். அது சரிபாதியாகப் பிளந்தது. நல்ல சகுனம் என்று எல்லாரும் சொன்னார்கள். கஜந்தினியும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சரிவின் உச்சியில் அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். ஞானேஸ்வரன் தயங்கித் தயங்கி வந்தார்.

“தங்கச்சி, குறை நினைக்காதையும். யுவன் இப்பதான் சொன்னவர். பிரான்சிலை அவரின்ரை பெரியப்பான்ரை மகன் மோசம் போயிட்டாராம். உங்களுக்குத் துடக்கெல்லோ? பிள்ளையார் இருக்கிற தேர். நீர் ஏற ஏலாது.”

சாவுத் தீட்டு முப்பத்தொரு நாள். அது அவளுக்கும் தெரியும். செத்துப்போன அந்தப் பரராசா அண்ணையை அவள் கலியாண வீட்டில் ஒரு தடவை பார்த்ததோடு சரி.

“அப்ப ஆர் ஓட்டுறது?”

“என்ரை மருமகன் டிலுக்சன் இருக்கிறான்.”

“ஆர் தள்ளுறது?”

“யுவன்தான். நல்ல பலமான ஆள்.”

“செத்தது அவரின்ரை சகோதரம். அவராலைதானே எனக்கே துடக்கு?”

ஞானேஸ்வரன் கொஞ்சம் யோசித்தார். “ஏறி இருக்கிறது வேறை தங்கச்சி, பின்னாலை நிண்டு தள்ளுறது வேறை” என்றார். சங்கத்துப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். சாத்திரத்தை வேண்டிய அளவுக்கு வெட்டித் தைப்பதில் நம்மவர்களை அடிக்க ஆளில்லை.

யுவனேஸ்வரன் சற்றுத் தள்ளி நின்று சில்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கம் திரும்பவேயில்லை.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி டிலுக்சனிடம் கொடுத்தாள். அழுகை வந்தது. ஆனாலும் ஒரு மனுசன் செத்திருக்கிறான். அதுக்குள்ளே நான் தேரைப் பற்றி அழுவதோ என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டாள். ஒரு மரத்தடிக்குப் போய்ப் பரராசாவின் மனைவி வேதவல்லிக்குப் போன் எடுத்தாள்.

“அக்கா, இப்பதான் கேள்விப்பட்டன். என்னெண்டு ஆறுதல் சொல்லுறதெண்டு தெரியேல்லை.”

“இப்பதானோ?” என்றாள் வேதவல்லி. “புதன்கிழமையே தம்பிக்குச் சொன்னனான். பிறகும் ரெண்டு தரம் எடுத்துக் கதைச்சவர். உனக்குச் சொல்லேல்லையே, பிள்ளை?”

கஜந்தினி போனை வைத்தாள். அப்படியென்றால் புதன்கிழமையே தெரியும். வெள்ளிக்கிழமை தேங்காய் உடைத்த கையில் துடக்கு இல்லை. நேற்று மத்தியானம் அவள் வைத்த மீன் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட வாயிலும் துடக்கு இல்லை. அண்ணன் செத்ததைச் சட்டைப் பைக்குள் பொத்தி வைத்திருந்து, அவளைத் தேரிலிருந்து இறக்குவதற்கு ஒரு சாக்குத் தேவைப்பட்டபோது எடுத்திருக்கிறான். முடியாது என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பாள். இப்படி வயிறு எரிந்திருக்காது.

ஞானேஸ்வரனிடம் ஒரு சொல் சொன்னால் போதும், கோயில் பக்கமே அவன் தலை காட்ட முடியாது. சொல்லிவிடலாம் என்று இரண்டடி வைத்தாள். சொன்ன பிறகும் தேரில் ஏறப்போவது டிலுக்சன்தான் என்று நினைத்ததும் கால் நின்றுவிட்டது.

ஒலிபெருக்கியில் டிலுக்சனின் பெயரைக் கூப்பிட்டார்கள். யுவனேஸ்வரன் இரண்டு கையையும் தேரில் ஊன்றி மூச்சுப் பிடித்துத் தள்ளினான். தேர் இறங்கியது; வளைவில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு எப்படியோ கீழே போய்ச் சேர்ந்தது. மூன்றாவது இடம். சனம் துள்ளியது, விசில் அடித்தது. யாரோ ஞானேஸ்வரனுக்கு மாலை போட்டார்கள்.

யுவனேஸ்வரன் வேர்க்க விறுவிறுக்க மரத்தடிக்கு ஓடிவந்தான். இவ்வளவு சந்தோசமாக அவனை அவள் பார்த்து நாளாகிவிட்டது.

“பாத்தியோ! மூண்டாவதப்பா! வா, எல்லாரும் படம் எடுக்கினம்” என்றான். அவள் அசையாமல் நின்றதைக் கண்டு குரலைத் தணித்தான். “கோவிக்காதை. நான் என்ன செய்ய, சாவு கேட்டுக்கொண்டே வருது? அடுத்த வருசம் கட்டாயம் நீதான்.”

“அடுத்த வருசத்துக்கு ஆரைச் சாகக் குடுக்கப் போறியள்?” என்று கேட்டாள் கஜந்தினி. “புதன்கிழமையே சொல்லிவிடுங்கோ. நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்து நிக்கமாட்டன்.”

அவன் முகத்தில் இருந்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் நின்றான். கீழே படம் எடுப்பவர்கள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் இறங்கிப் படத்துக்கு நிற்கப் போனான்.