திருப்புவதற்கு இரண்டு பேர்

விடியற்காலை ஐந்தரை மணிக்கு அம்பிட்டிய மலையிலிருந்து முதல் பஸ் இறங்கும் சத்தம் கேட்டது. தனியார் ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் தாதி பியட்றிஸ் வீங்கிய கால்களோடு குனிந்து நின்றாள். ஒரு கிலோகூட இல்லாத குழந்தை. அதன் வாய்க்குள் செருகிய குழாய் வழியே இயந்திரம் மூச்சை ஊதிக்கொண்டிருந்தது.

குழந்தையைக் குப்புறத் திருப்ப வேண்டும். அப்போதுதான் நுரையீரலின் பின்புறம் விரியும். தலையையும் குழாயையும் ஒருவர் சேர்த்துப் பிடிக்க, மற்றவர் உடலைத் திருப்புவார். நிர்வாகம் ஆட்களைக் குறைத்ததிலிருந்து அந்த மற்றவர் இல்லை.

குழந்தையை நோக்கி நீட்டிய அவள் கைகள் பாதியிலேயே நின்றன. நான்கு நாட்களுக்கு முன், தனியாகத் திருப்பும்போதுதான், கீழ்மாடியில் படுத்திருந்த இளம் தாய் அஷ்வினியின் மகனுடைய குழாய் நழுவியது. டொக்டர் ஓடி வந்தும் பிள்ளை பிழைக்கவில்லை. அந்த நழுவல் இன்னும் அவள் விரல்நுனியில் இருந்தது. சோறு பிசையும்போதும் இருந்தது, செபமாலை உருட்டும்போதும் இருந்தது. இயந்திரத்தின் அலாரம் அடிக்காதபோதும் காதில் அடித்தது.

"தனியத் திருப்பவாணாம் பியட்றிஸக்கா." பக்கத்து வார்ட்டிலிருந்து தாதி நுஸ்ஹா ஓடி வந்து கைகழுவினாள். "நீங்க குழாயப் பிடிங்க."

எட்டு மணிக்கு நிர்வாக அறையில் முகாமையாளர் கஜேந்திரன் பியட்றிஸிடம் ஒரு கடிதத்தை நீட்டினார்.

"உங்கட கவனக்குறைவு எண்டு எழுதியிருக்கு. கையெழுத்து வையுங்கோ, வேலை போகாது."

"என் கையிலதான் நழுவுச்சு சேர். அத நான் மறுக்கல. ரெண்டாவது ஆளக் கொறச்சது யாருன்னு இதுல இல்லையே?"

"பிள்ளை செத்தது உங்கட கையிலதானே?"

பியட்றிஸ் கடிதத்தைக் கையில் வாங்கினாள்.

கதவு திறந்தது. இரு தாதியரைக் குழந்தைகளிடம் நிறுத்திவிட்டு, நுஸ்ஹாவோடு இரவு, பகல் இரு ஷிப்டுத் தாதியருமாக ஏழு பேர் உள்ளே வந்தார்கள்.

"எங்கட பேரையும் எழுதுங்க சேர்," என்றாள் நுஸ்ஹா. "நாங்களும் தனியத்தான் திருப்பின. எங்கட கையில நழுவல்ல, அவ்வளவுதான். இனி ரெண்டு பேர் இல்லாம ஒரு புள்ளையயும் திருப்ப மாட்டோம். புள்ளைகள விட்டுட்டுப் போகவும் மாட்டோம்."

"நாளைக்கே வேற ஆக்களைப் போடுவன்!"

"அவங்களுக்கும் இதத்தான் சொல்லுவோம்."

பியட்றிஸ் கடிதத்தை மேசையில் வைத்தாள். "மொதல்ல அஷ்வினிகிட்ட உண்மையச் சொல்லணும். நான்தான் சொல்லணும்."

"நாங்களும் வாறோம்."

கீழ்மாடி வார்ட்டில் அஷ்வினி வீட்டுக்குப் போக உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் பியட்றிஸ் நின்றுவிட்டாள். யாரோ தோளைப் பிடித்தார்கள். அருகில் போய், குழாய் நழுவியதையும் ஆள் குறைத்ததையும் மறைக்காமல் சொன்னாள்.

அஷ்வினி நெடுநேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைக்காமலே கேட்டாள்:

"ஆளக் குறைச்சவங்களுக்கு எதிரா இதையெல்லாம் நான் எங்க வந்து சொல்லணும்?"