தைப்பூச மாத்திரை

விடிந்தும் விடியாத நேரம். செமோர் ஊர்க் கையுறைத் தொழிற்சாலையில் பீங்கான் கை அச்சுகள் கொதிக்கக் கொதிக்க வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ரப்பர் உறையை உரித்தெடுக்க வேண்டும். ஆள் நின்றாலும் வரிசை நிற்காது. குமுதாவின் விரல் நுனிகளில் ரேகை தேய்ந்துபோயிருந்தது.

பக்கத்து இடம் போன மாதம்வரை தங்கை தினேஸ்வரியுடையது. இப்போது அங்கே ஷர்மினி நின்றாள்.

தைப்பூசத்தில் பால்குடம் எடுக்கும் பெண்கள் மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போடுவது ஊரறிந்த வழக்கம். சில நாள்தான் போடுவார்கள். முதலாளி அடைக்கப்பன் அதையே டப்பா டப்பாவாக வாங்கி, ஓவர்டைம் மாதங்களில் ஓயாமல் கொடுத்தார். யாரும் கழிவறைக்கு ஓடக் கூடாதாம். சாமி காரியத்துக்குப் போடுவதுதானே என்று எல்லாரும் விழுங்கினார்கள்.

தினேஸ்வரிக்குக் கெண்டைக்கால் வீங்கியது. பிறகு மூச்சு வாங்கியது. காலில் உறைந்த ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது.

"இது புரோஜெஸ்டிரோன் மாதிரி ஹார்மோன்மா. நல்ல மருந்துதான், ஆளைப் பார்த்துக் கொடுக்கணும். உங்க அம்மாவுக்கும் ரத்தம் உறைஞ்சிருக்கு. இதை யாரும் கேக்கலையா?" என்று குமுதாவிடம் கேட்டார் டாக்டர். அப்போது தினேஸ்வரி உயிரோடு இல்லை.

"அக்கா, கால் கல்லு மாதிரி இருக்குலா" என்றாள் இப்போது பக்கத்தில் நின்ற ஷர்மினி.

குமுதா குனிந்து அவள் கால்சட்டையைச் சுருட்டினாள். ஒரு கால் மட்டும் வீங்கி, பளபளத்து, தொட்டால் சுட்டது. வரிசையைப் பார்க்க வந்த அடைக்கப்பனிடம் திரும்பினாள்.

"முதலாளி, வேன் குடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"நின்னு நின்னு வீங்கியிருக்கும். மின்யாக் எண்ணெய் போட்டுத் தேய்ச்சு விடு. மத்தியானம் கொண்டெய்னர் ஏத்தணும்."

"தினேஸ்வரிக்கும் இதத்தான் சொன்னீங்க."

வரிசையில் மூத்தவளான நல்லம்மாள் குறுக்கே வந்தாள். "என் ரத்தப்போக்குக்கு டாக்டர் இந்த மாதிரி மாத்திரைதான் குடுத்தாரு. பிரஷர் பாத்தாரு, நூறு கேள்வி கேட்டாரு, இத்தன நாள்தான்னு சொன்னாரு. நீங்க மிட்டாய் மாதிரில்ல நீட்டுறீங்க!"

"நீ என்ன டாக்டருக்குப் படிச்சியா?"

"நீங்களும் படிக்கலியே முதலாளி."

யாரோ சிரித்துவிட்டார்கள். அடைக்கப்பன் முகம் சிவந்தது. "போறவ அப்படியே போயிடலாம். வேலைக்கு ஆளா இல்ல?"

குமுதா எட்டி, இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை இழுத்தாள். வரிசை நின்றது. அந்தக் கொட்டகையில் அப்படியொரு அமைதியை யாரும் கேட்டதில்லை. அவள் டாக்டரிடம் காட்ட மாத்திரை டப்பாவை எடுத்து மடியில் செருகினாள். நல்லம்மாள் ஏப்ரனை அவிழ்த்துப் போட்டாள். பிறகு ஒருத்தி, இன்னொருத்தி, வரிசை முழுக்க.

ஷர்மினியை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். போனில் கூப்பிட்ட வாடகைக் கார் மெயின் ரோட்டில்தான் நிற்கும். கேட் பூட்டியிருந்தது. பின்னால் முதலாளி போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"நானும் தினேஸ்வரியக்கா மாதிரி போயிடுவேனாக்கா?" என்று கேட்டாள் ஷர்மினி.

குமுதா பிடியை இறுக்கினாள். நாற்காலிக் கால் உள்ளங்கையை அறுத்தது.

"தொறடா கேட்ட!" என்று காவலாளியிடம் கத்தினாள் நல்லம்மாள். பிறகு குமுதாவிடம் திரும்பி, "கை வலிச்சா சொல்லுடி, மாத்திக்கலாம்" என்றாள்.

தங்கையைப் புதைத்த நாளில்கூட வலி என்று வாய் திறக்காத குமுதா, "வலிக்குதுக்கா" என்றாள்.

நாற்காலிக்கு அடியில் எத்தனையோ கைகள் வந்தன.