சாம்பப்பாறையில் வீடுகள் நகர்ந்த விதம்

கொடைக்கானல் மேல்மலையில், கிளாவரைக்கு ஒரு மைல் முன்னால் இருக்கும் சாம்பப்பாறையில் கந்தம்மாளின் வீடு மாதம் மூன்று, நாலடி வீதம் கீழ்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு ஆண்டில் எண்பத்து நாலு அடி வந்திருந்தது. மண் சரிந்து வந்ததல்ல. மண் இருந்த இடத்திலேயே இருந்தது, அதில் பயிரான காரட்டும் இருந்தது. வீடு மட்டும் தன் கல் கடைக்காலோடும் தகரக் கூரையோடும் அடுப்பில் எரிகிற தீயோடும், படிப்படியாக வெட்டிய தோட்டங்களின் மேல் ஒரு செடியையும் நசுக்காமல் இறங்கியது. விளிம்புவரை நிறைத்து வைத்த சொம்புத் தண்ணீர்கூடத் தளும்பியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை லைன்மேன் வந்து மின்சார வயரை நீட்டிக் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். ஊரடங்கின்போது பஸ் நின்றது, பள்ளிக்கூடம் நின்றது, வடுகபட்டிப் பூண்டுச் சந்தை நின்றது. வீடு நிற்கவில்லை. பஞ்சாயத்துத் திட்டத்தில் இலவசமாகக் கட்டிக் கொடுத்த கழிப்பறை மட்டும் கூட வரவில்லை. அது பழைய இடத்திலேயே நின்றுகொண்டதால் கந்தம்மாளும் அவள் புருஷன் சுப்புராஜும் மகள் ஸ்வேதாவும் தினம் வெள்ளனே எழுந்து, பனிக்குள் எண்பத்து நாலு அடி மேடேற வேண்டியிருந்தது.

கடனில்லாத கழிப்பறை வராததை வைத்துத்தான் கந்தம்மாள் விஷயத்தைப் பாதி புரிந்துகொண்டாள். அவள் எதையும் பிரித்துப் பார்க்காமல் விடாதவள். மருந்தடிக்கும் பம்பு மக்கர் செய்தால் மெக்கானிக்கைத் தேடமாட்டாள், முறத்தில் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி வரிசையில் வைத்து, எது எதைத் தள்ளுகிறது என்று பார்ப்பாள். வீட்டையும் அப்படியே பார்த்தாள். சணல் கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போட்டு, திங்கள்தோறும் வாசற்படியிலிருந்து அளந்தாள். பத்தாயிரம் ரூபாய் கடனுக்கு வீடு மாதம் ஓரடி நகர்ந்தது. அறுப்பு முடிந்து கொஞ்சம் அடைத்தால் வேகம் குறைந்தது. நடவுக்கு மறுபடி வாங்கினால் கூடியது. நகர்ந்த திசை எப்போதும் ஒன்றுதான்: சரிவின் அடியில் இருந்த செந்தில்வேலின் குடோன். செந்தில்வேல் பூண்டு வியாபாரி. நடவுக்கு விதைப்பூண்டு கடனாகத் தருவார், அறுப்பில் தன் விலைக்கு எடுத்துக்கொள்வார், விலை போதாமல் நிற்பது அடுத்த போகத்துக் கடனில் சேரும். வீட்டு வாசற்படி குடோன் சுவரைத் தொடும் நாளில் வீடு குடோனைச் சேர்ந்தது என்று பத்திரத்தில் இருந்தது. ஏற்கெனவே மூன்று வீடுகள் அப்படி வந்து சேர்ந்திருந்தன. அதனால் அந்தக் குடோனுக்கு மூன்று வேறு வேறு நிறத்தில் கதவுகள். அந்த வீட்டுக்காரர்கள் கன்னிவாடிப் பக்கம் கூலி வேலைக்கு இறங்கிப் போய்விட்டார்கள்.

காரணம் தெரிந்தும் நிறுத்தத் தெரியவில்லை. கடன் வாங்காமல் விதை வாங்க முடியாது, கடன் வாங்கினால் வீடு நிற்காது. இந்த ஒரு முடிச்சுதான் கந்தம்மாளுக்கு அவிழவில்லை. சீகை மரக் கட்டைகளை முட்டுக் கொடுத்தார்கள். கட்டைகளும் வீட்டோடு சேர்ந்து இறங்கின. சுப்புராஜ் லாரிக் கயிறு வாங்கி வந்து வீட்டை யூகலிப்டஸ் மரத்தோடு கட்டினான். மாதம் கழித்துப் பார்த்தால் கயிறு அறவில்லை, மரம் சாயவில்லை, கயிறு நாலடி நீளமாகியிருந்தது. அதை வாங்கினதைவிடக் கூடுதல் விலைக்கு ஒரு லாரிக்காரரிடம் விற்றான். அந்த வீடு சம்பாதித்துக் கொடுத்தது அவ்வளவுதான். கந்தம்மாள் செந்தில்வேலிடமே போய் நின்றாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

“நானா இழுக்கேன் தாயி? எங்கிட்ட ஒரு கயிறாவது கெடக்கா, பாத்துக்கங்க. அதுவா வருது. வாரதுக்கு எடம் வேணுமேன்னு செவுத்தத்தான் கொஞ்சம் இடிக்கச் சொல்லிருக்கேன்.”

அப்போது வீட்டுக்கும் சுவருக்கும் இடையில் முப்பத்தாறு அடி இருந்தது.

அந்த வருஷம் கொடைக்கானல் மிஷனிலிருந்து ஷர்மிளா என்ற பெண் வந்தாள். வியாழக்கிழமை பஸ்ஸில் மடியில் ஓர் இரும்புப் பெட்டியை வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். பெட்டியில் மூன்று கொண்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு திண்டுக்கல் பூட்டு. மேட்டில், கந்தம்மாளின் பழைய மனைக்கும் மேலே, தகரக்கூரை போட்ட ஜெபவீட்டில் பெண்களைக் கூட்டி, கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் செய்துவிட்டு விளக்கினாள். பதினாலு பேர் சேர வேண்டும். ஞாயிறுதோறும் ஆளுக்கு நூறு ரூபாய். மூன்று சாவியும் மூன்று பேரிடம். பெட்டி இருக்கிற இடத்தில் சாவி இருக்கக் கூடாது. யாருக்குத் தேவையோ அவர்களுக்கு மற்றவர்கள் கைதூக்கிச் சம்மதித்தால் கடன். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, அந்த வட்டியும் இதே பெட்டிக்குள் விழும், கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு எல்லாருக்கும் பங்காகும். கந்தம்மாளுக்குப் பெட்டியைவிட அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. மூன்று பூட்டும் ஒன்றையொன்று காவல் காக்கிற விதத்தை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகுதான் தயங்கினாள்.

“நான் பூம்பாறை வேலப்பரக் கும்புடுறவ. என்னயச் சேப்பீங்களா?”

“நீங்க யார வேணா கும்பிடுங்கக்கா. மீட்டிங்குக்கு பத்து மணிக்கு மேல வந்தா மட்டும் அஞ்சு ரூபா ஃபைன்” என்றாள் ஷர்மிளா.

முப்பது வாரத்தில் பெட்டியில் நாற்பத்திரண்டாயிரம் சேர்ந்தது. அதே முப்பது வாரத்தில் வீடு முப்பதடி இறங்கிவிட்டது. ஆறடிதான் பாக்கி. செந்தில்வேலின் கொத்தனார் குடோன் சுவரில் கந்தம்மாள் வீட்டு முகப்பு அகலத்துக்குச் சரியாகத் திறப்பு வைத்துவிட்டு, கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கடனும் வட்டியும் சேர்ந்து நாற்பத்தோராயிரத்து எண்ணூறு. கந்தம்மாள் முழுத் தொகையையும் கேட்டாள். முதல் சாவி வைத்திருந்த நாச்சியம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

“முப்பது வாரத்துக் காசு. மொத்தத்தையும் ஒருத்திக்கே குடுத்துட்டு, நாளைக்கி இவ ஊர விட்டு ஓடிட்டா?”

“வீடே என்னைவிட வெரசா ஓடுது மதினி. அதப் புடிக்கவே எனக்கு நேரமில்ல, நான் எங்கிட்டு ஓட?”

மற்ற பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். நாச்சியம்மாள் அடக்கப் பார்த்து முடியாமல் அவளும் சிரித்துவிட்டாள். “சிரிக்க வச்சிட்ட. இனிமே சாவி குடுக்காம எப்பிடி இருக்க?” என்று முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்தாள்.

செந்தில்வேல் பணத்தை இரண்டு முறை எண்ணி, பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். சுவரில் வைத்த திறப்புக்குத் தகரம் அடித்துக்கொள்வதாகச் சொன்னார். மூன்று நாள் வீடு இருந்த இடத்தில் இருந்தது. நாலாம் நாள் காலையில் கந்தம்மாள் கயிறு பிடித்து அளந்தபோது அது ஐந்து விரற்கடை நகர்ந்திருந்தது, மேல்நோக்கி. நம்பாமல் ஸ்வேதாவை அளக்கச் சொன்னாள், பிறகு சுப்புராஜை. பிறகு ஊரே வந்து அளந்தது. வீடு மேடேறுவதை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. ஷர்மிளா வாசலில் மண்டியிட்டு ஸ்தோத்திரம் சொன்னாள், ஜெபவீட்டில் ஜெபம் நடத்தும் உபதேசியார் கையோடு கொண்டுவந்த மணியை அங்கேயே அடித்தார், லைன்மேன் இந்தத் தடவை வயரைச் சுருட்டினார்.

அதன்பிறகு நடந்தது நீண்ட ஏற்றம். பதினாலு மாதத்தில் முதல் கடன் அடைந்தபோது வீடு முப்பத்தோரடி ஏறி நடுச்சரிவில் நின்றுவிட்டது. கடன் இல்லாவிட்டால் அது ஏறவும் மாட்டாது என்று தெரிந்ததும் கந்தம்மாள் அடுத்த ஞாயிறே ஒரு பசுவுக்கும் ஓர் ஏக்கர் குத்தகைக்கும் அறுபதாயிரம் கேட்டாள். பசு கறந்தது, பூண்டு விளைந்தது, வீடு அறுபத்து மூன்றடி ஏறியது. கடைசிச் சரிவை, திண்டுக்கல் நர்சிங் கல்லூரியில் ஸ்வேதாவுக்குக் கட்டிய முப்பதாயிரத்துக் கடனில் ஏறி முடித்தது. நாலு ஆண்டில் வீடு கழிப்பறைக்குப் பக்கத்தில் வந்து நின்ற புதன்கிழமை, சுப்புராஜ் நாலே எட்டில் அங்கே போய்விட்டு வந்து, இவ்வளவுதானா என்று சிரித்தான். இதற்கிடையில் கன்னிவாடியிலிருந்து திரும்பி வந்து, சங்கத்தில் விலகிப்போன ஒருத்தியின் இடத்தில் சேர்ந்த பூங்கொடி தன் பழைய கடனை அடைத்ததும், அவளுடைய நீலக்கதவு வீடு காரை பெயரும் சத்தத்தோடு குடோனிலிருந்து கழன்று வெளியே வந்தது. மற்ற இரண்டும் அடுத்த வருஷமே அதன் பின்னால் வந்தன. செந்தில்வேலின் குடோன் அவர் அப்பா கட்டிய அளவுக்குச் சுருங்கியது. அவர் கையில் காசு வைத்துக்கொண்டு பூண்டு வாங்கப் பழகினார்.

ஆனால் முடிச்சு இன்னும் அவிழவில்லை. அடுத்த நடவுக்குக் கந்தம்மாள் இருபத்தையாயிரம் வாங்கினாள், வீடு கழிப்பறையைத் தாண்டி மேலே போனது. இப்போது காலையில் இறங்கிப் போக வேண்டியிருந்தது. கடன் வாங்கிய மற்றவர்கள் வீடுகளும் கீழே ஓடைப்பக்கத்திலிருந்து ஜெபவீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஜன்னல்கள் முட்டின, கோழிகள் வீடு மாறி முட்டையிட்டன, எட்டு அடுப்புப் புகையும் ஜெபவீட்டுக்குள் புகுந்து ஜெபத்தின் நடுவில் எல்லாரும் தும்மினார்கள். ஒரு ஞாயிறு நாச்சியம்மாள் வீட்டு மூலை வந்து இடித்து, ஜெபவீட்டுக் கதவு திறக்கவே இல்லை. உபதேசியார் ஜன்னல் வழியாக இறங்கினார்.

“அப்ப செந்தில்வேலு குடோன், இப்ப கர்த்தரோட குடோனா?” என்று நாச்சியம்மாள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

ஷர்மிளா கொடைக்கானல் ஆபீசுக்குப் போன் செய்தாள். வீடு நகர்வதற்கு ஃபார்மில் கட்டம் இல்லை என்றார்கள். அடுத்த ஞாயிறு கூடி, கடன் கொடுப்பதையே நிறுத்துவதா என்று கைதூக்குவது என முடிவானது. நிறுத்தினால் வீடுகள் நிற்கும். ஆனால் இரண்டு வாரத்தில் நடவு, விதைக்கு எல்லாரும் குடோனுக்குத்தான் இறங்க வேண்டும்.

அந்த ஒரு வாரமும் கந்தம்மாள் தோட்டத்துச் சோலியை விட்டுவிட்டுக் கயிற்றோடு ஒவ்வொரு வீடாக அளந்தாள். அளந்ததில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. போன மாதம் காற்றில் ஜெபவீட்டுத் தகரம் பறந்தபோது, மழைக்குப் பயந்து பெட்டியைப் பதினோரு நாள் ஓடைக்கரையில், பூங்கொடி வெளியூர் போயிருந்ததால் அப்போது காலியாக இருந்த அவளுடைய நீலக்கதவு வீட்டில் வைத்திருந்தார்கள். அந்தப் பதினோரு நாளில் எல்லா வீடும் ஓடைப்பக்கம் திரும்பி ஒரு சாண் நகர்ந்து, பெட்டி மேலே போனதும் மறுபடி மேலே திரும்பியிருந்தது. ஈரமண்ணில் தடம் தெளிவாக இருந்தது. ஜெபவீடு யாரையும் இழுக்கவில்லை. செந்தில்வேலும் பாவம் இழுக்கவில்லை, அவருடைய பெட்டி குடோனில் இருந்தது, அவ்வளவுதான். கடன் எந்தப் பெட்டியிலிருந்து வந்ததோ அந்தப் பெட்டி இருக்கும் திசைக்கு வீடு போகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஜெபவீட்டுத் தரையில் பதினாலு பூண்டுப் பல்லை வீடுகளைப் போலப் பரப்பி, நடுவில் ஒரு தீப்பெட்டியை வைத்தாள். தீப்பெட்டியை ஒரு பல்லுக்குப் பக்கத்தில் தள்ளி, மற்றதையெல்லாம் அதை நோக்கி ஒரு விரல் நகர்த்தினாள். பிறகு தீப்பெட்டியை எதிர்ப்பக்கத்துப் பல்லுக்குத் தள்ளி, எல்லாவற்றையும் திருப்பி நகர்த்தினாள்.

“பெட்டிய ஒரே எடத்துல வச்சது நம்ம தப்பு மதினி. அது நடக்கட்டும். நம்ம வீட்டுல இருப்போம்.”

நாச்சியம்மாள் தீப்பெட்டியை எடுத்துத் தன் வீட்டுப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். “மொத வாரம் எங்க வீட்டுக்கு வரட்டும்” என்றாள். யாரும் கைதூக்கச் சொல்லவில்லை, எல்லாரும் தூக்கினார்கள்.

முதலில் பெட்டி மூன்று மாதம் ஓடைக்கரையில் இருந்தது, வீடுகள் ஜெபவீட்டை விட்டு விலகித் தங்கள் மனைகளுக்குப் போய்ச் சேரும்வரை. பிறகு சுற்று தொடங்கியது. ஓரத்து வீடுகள் கொஞ்சம் உள்வாங்கிப் போவதைக் கண்டு, அந்த நாலு வீட்டில் மட்டும் பெட்டி இரண்டு வாரம் தங்கும்படி கந்தம்மாள் திருத்தினாள். ஆக ஒரு சுற்றுக்குப் பதினெட்டு வாரம். இப்போது ஞாயிறுதோறும் ஜெபம் முடிந்து, பணம் போட்டு, கடன் கொடுத்து, மூன்று பூட்டும் போட்ட பிறகு, வரிசையில் அடுத்தவள் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போகிறாள். அவள் கடந்து போகையில் வீடுகள், புல்லுக்கட்டைக் கண்ட மாடுகள் தலை திருப்புவது மாதிரி லேசாகத் திரும்புகின்றன. அந்த வாரம் எல்லா வீடும் அந்தப் பக்கம் ஒரு சாண் நகரும், அடுத்த வாரம் எதிர்ப்பக்கம் ஒரு சாண் நகரும். லைன்மேன் எல்லா வயரிலும் ஒரு முழம் தளர்வு விட்டுவிட்டார், அதன்பின் அவர் வர வேண்டியிருக்கவில்லை. பெட்டி தங்குகிற வீடு மட்டும் அந்த வாரம் அசைவதில்லை, அதற்குப் போக வேண்டிய இடம் வேறில்லை. பதினெட்டாம் வாரம் கந்தம்மாள் கயிற்றைப் பிடித்து அளக்கிறாள். பதினாலு வீடும் புறப்பட்ட இடத்தில் இருக்கின்றன, பதினாலு தோட்டத்திலும் பெட்டிக் கடனில் வாங்கிய பூண்டு முளைத்திருக்கிறது.