கல்லிரோயி வந்த ஒரு சுற்று

கிரேக்க நாட்டின் நாக்சோஸ் தீவில் கம்பளிபோல் சுருண்ட முடியோடு பிள்ளை பிறந்து, தவழும் வயதிலேயே உள்ளங்கையும் தடித்தால், இப்போதெல்லாம் நேரே இதய டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கல்லிரோயி பிறந்த காலத்தில் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஆலிவ் பறிக்கவே பிறந்த கை என்று ஊரே மெச்சியது. அவள் அண்ணன் கைக்கும் அதே மெச்சல்தான். ஆகஸ்ட் திருவிழாவில், ஆட்டத்தின் நடுவில் அவன் விழுந்து செத்த பிறகுதான் நம் ஆட்களுக்குப் புத்தி வந்தது.

டாக்டர் அவளுக்குப் பொறுமையாகச் சொன்னார். இதயத்தின் செல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடி வழியாகத்தான் மின்சாரச் செய்தி ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகிறது. எல்லாம் சேர்ந்து துடிக்கின்றன. அவளுக்கு அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. செய்தி வழியிலேயே தடுமாறுகிறது. துடிப்பு தாறுமாறானால் ஓர் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய நெஞ்சில் ஒரு கருவி வைத்தார்கள். நடக்கலாம், ஆடக் கூடாது.

அவளுக்கோ ஆட்டம் என்றால் உயிர். வருடாவருடம் மேசையோரம் உட்கார்ந்து, தட்டில் ஆட்டுக்கறி ஆறிப்போவதுகூடத் தெரியாமல், வரிசையாகக் கைகோத்துப் போகிறவர்களைப் பார்ப்பாள். அதைவிட அதிகமாக வயலின் வாசிக்கும் யாக்கோவோஸைப் பார்ப்பாள். பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவன். அவன் கையைப் பிடித்து ஒரே ஒரு சுற்று வர வேண்டும். அந்த ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருடம் அவனே மேசைக்கு வந்தான்.

"எந்திரி. ஒரு சுத்து."

"டாக்டர் என்ன சொன்னாருன்னு உனக்குத் தெரியும்ல?"

"நடக்கலாம்னுதானே சொன்னாரு? நீ நட. பாட்டை நான் உன் நடைக்குக் கொண்டுவரேன்."

அவள் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். பக்கத்துப் பெண் ஆட்டத்து வழக்கப்படி, பிடித்துக்கொள்ளக் கைக்குட்டையின் முனையை நீட்டினாள். கல்லிரோயி அதை விட்டுவிட்டு அவள் கையையே பிடித்தாள்.

வயலின் ஊர்ந்தது. முன்னால் நின்று வரிசையை இழுத்துப்போகும் ஸ்தமாத்திஸ் பொறுக்க மாட்டாமல் திரும்பினான்.

"ஏன்டா யாக்கோவ், இது திருவிழாவா, சாவு ஊர்வலமா?"

"உன் தொப்பைக்கு இந்த வேகம் போதும். நட."

ஸ்தமாத்திஸ் முழங்காலை மடக்கினான். அந்த அசைவு அடுத்தவருக்கு, அதற்கடுத்தவருக்கு என்று கை வழியாகவே வந்து அவளைச் சேர்ந்தது. எங்கேயும் அறுபடவில்லை. நெஞ்சுக் கருவி சும்மா கிடந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

வரிசை வளைந்து யாக்கோவோஸின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தது. கடைசி ஆள் என்பதால் அவளுடைய ஒரு கை காலியாக இருந்தது. அவன் அந்தக் கையைப் பார்த்தான். அவனுடைய ஒரு கையில் வயலின், மறு கையில் வில்.

"கீழ வச்சிரட்டுமா?" என்றான்.

வைத்தால் பாட்டு நிற்கும். பாட்டு நின்றால் எல்லோரும் கையை விட்டுவிடுவார்கள்.

"வேண்டாம், வாசி," என்றாள் கல்லிரோயி. காலிக் கையை அவன் பக்கம் நீட்டியபடியே அவனைத் தாண்டி நடந்தாள்.